விண்மீன் அளந்த வைணு பாப்பு

சில ஆண்டுகளுக்கு முன் நம் இலக்கிய வட்டத்தின் கூட்டம் ஒன்று ஏற்காட்டில் நடைபெற்றபோது, சங்கப் பாடல்களில் வானியற் செய்திகள் என்னும் பொருளில் நான் உரையாற்றினேன். ஞாயிற்றின் இயக்கத்தையும் அதன் வட்டத்தையும் காற்றின் திசையையும் நேரில் சென்று அளந்தவர் போலக் கூற வல்லார் தம் காலத்தில் இருந்தமையை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் பதிந்து வைத்திருப்பதையும், விண்மீன் ஒன்று வீழக் கண்ட கூடலூர் கிழார் தம் வேந்தனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சி ஏழு நாள் கலங்கியதையும், கணியன் என்னும் சொல் பூங்குன்றனாரின் பெயரோடு ஒட்டி வந்திருப்பதையும் எடுத்துரைத்தேன். அவையோர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிப்பவள். அந்தக் கணியன் இன்று இருந்தால் என்ன படித்திருப்பார், எங்கே வேலை பார்ப்பார், அந்த வேலையால் ஒரு குடும்பம் உண்ண முடியுமா என்று கேட்டாள். வானியல் படிக்க விரும்புவதாக அவள் வீட்டில் சொல்ல, அது சோதிடமா என்று வினவினார்களாம். முயன்றால் முடியாதது இல்லை என்பது போன்ற ஒரு பொதுவிடையை அவளுக்குத் தந்து அனுப்பிவிட்டேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வானியலாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவளுக்கு, நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த வானியலார் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரியவில்லை. அந்தக் கூச்சமே இக்கட்டுரைக்கு வித்து.

ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே, பறவை செல்லும் வழியில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் சவ்வாது மலை உள்ளது. சேர்வராயனும் கல்வராயனும் சவ்வாதும் அறுபட்ட ஆரத்தின் மணிகள் போலச் சிதறிக் கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். மூன்றிலும் வாழ்வோர் மலையாளி எனப் பெயர் பெற்ற, தமிழ் பேசும் பழங்குடி மக்கள். அச்சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், காட்டுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள் சில நிற்கின்றன. அவை நிற்கும் இடத்துக்கு வைணு பாப்பு வானாய்வகம் என்று பெயர். அம்மாணவி கேட்ட கேள்விக்குரிய விடை இப்பெயரில் இருக்கிறது.

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் வேர் கேரளத்துத் தலைச்சேரியில் இருந்தது, வளர்ந்ததோ ஐதராபாத்தில். தந்தையார் அந்நகரின் நிசாமியா வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். பெற்றோர்க்கு ஒரே பிள்ளையான பாப்புவுக்குத் தொலைநோக்கி என்பது அருங்காட்சிப் பொருளன்று. அப்பா வேலைக்குப் போகும் இடத்தில் உள்ள கருவி. கொல்லன் மகன் துருத்தியோடு வளர்வது போல அவர் தொலைநோக்கியோடு வளர்ந்தார். நிசாம் கல்லூரியில் இயற்பியல் பயிலும்போதே, ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களைத் தாமே நோக்கி அளந்து, 1946ஆம் ஆண்டளவில் ஆய்வுக் குறிப்புகளும் வெளியிட்டார். வானியல் என்று தனிப் பட்டம் எதுவும் அவர் அங்குப் பெறவில்லை. பட்டம் இயற்பியலில், பழக்கம் வானத்தில். இவ்விரண்டும் சேர்ந்ததே அவருடைய அடித்தளம்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பாப்பு வெறும் நிலத்தில் விதைத்தவர் அல்லர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் அமைத்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது; அதில் தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அவ்வாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வைப் பொதுமக்கள் அறியுமாறு இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட முயன்றார். பின்னர் 1899இல் கொடைக்கானல் வானாய்வகம் தோன்ற, சென்னை ஆய்வகத்தின் வானியற் பணி மலையேறியது. ஆயினும் ரகுநாதாச்சாரி போன்றோர் எத்துணை ஆற்றல் பெற்றிருந்தும் உதவியாளர் என்ற நிலையிலேயே வாழ்வை முடித்தனர். தலைமை வேறொருவரிடம் இருந்தது. பாப்புவின் தந்தையாரும் உதவியாளரே. மகனின் வாழ்வைப் படிக்கும்போது இதை மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று.

ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவராக விளங்கிய ஹார்லோ ஷாப்லி இந்தியா வந்தபோது அவரைச் சந்திக்கும் வாய்ப்பு இளைஞர் பாப்புவுக்குக் கிட்டியது. ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று 1949இன் தொடக்கத்தில் அவர் ஹார்வர்டு சேர்ந்தார். சென்ற சில திங்களுக்குள், அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள், தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் இருக்கக்கூடாத ஒரு கீற்று இருப்பதைக் கண்டார். அது புதிய வால்மீன். ஆசிரியர் பார்ட் போக்கும் உடன் மாணவர் கார்டன் நியூகர்க்கும் அதனைச் சரிபார்த்து உறுதிசெய்ய, மூவர் பெயராலும் பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்று அது வழங்கலாயிற்று. அது மீண்டும் வர ஏறத்தாழ அறுபதாயிரம் ஆண்டுகள் ஆகும் என்று கணித்தனர். பசிபிக் வானியற் கழகம் அவருக்கு டோனோ வால்மீன் பதக்கம் வழங்கியது. வீழும் மீனைக் கண்டு கூடலூர் கிழார் கலங்கிய மரபில் வந்த நாட்டிலிருந்து சென்ற இருபத்தொரு வயது இளைஞர், வால்மீனைக் கண்டு பதக்கம் பெற்றார். முன்னவர் வானத்தில் தம் அரசனைத் தேடினார். பின்னவர் வானத்தில் வானத்தையே தேடினார். எனினும் இருவரும் இரவில் விழித்திருந்து பார்த்தவர்களே.

முனைவர் பட்டத்தை 1952இல், சென்று மூன்றாண்டளவில், பெற்றார். தொடர்ந்து கார்னகி ஆய்வு நல்கை கிடைத்தது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் இருநூறு அங்குலத் தொலைநோக்கி இயங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உலகின் மிகப் பெரிய அத்தொலைநோக்கி நின்ற ஆய்வகத்தில் ஆலின் வில்சன் என்பாரோடு இணைந்து அவர் செய்த ஆய்வே, இன்றும் வானியல் நூல்களில் வில்சன்–பாப்பு விளைவு என்று இருவர் பெயராலும் பயிலப்படுகிறது. ஆய்வுரை அச்சேறியது 1957இல்.

அது என்ன என்பதை இலக்கிய அன்பர்க்கும் விளங்குமாறு சொல்ல முயல்கிறேன். இருட்டில் தொலைவில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது அருகில் உள்ள அகல்விளக்கா, நெடுந்தொலைவில் உள்ள பெருவிளக்கா என்று கண்ணால் மட்டும் கூற இயலாது. விளக்கின் உண்மை ஒளி தெரிந்தால் தொலைவு தெரியும். தொலைவு தெரிந்தால் உண்மை ஒளி தெரியும். இரண்டும் தெரியாவிடில் எதுவும் தெரியாது. விண்மீனியலின் பழஞ்சிக்கல் இது. விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். சுண்ணாம்பிலும் நம் எலும்பிலும் உள்ள கால்சியம் என்னும் தனிமம் உண்டாக்கும் இரண்டு தடித்த கோடுகள் அவற்றுள் சிறந்தவை. சூரியனைப் போன்றனவும் அதனினும் வெப்பம் குறைந்தனவுமான விண்மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரியும். அக்கீற்றின் அகலம் விண்மீனின் உண்மை ஒளியோடு ஒட்டி வளர்கிறது என்பதே வில்சனும் பாப்புவும் கண்ட உண்மை. மங்கலான குறுமீன் தொடங்கி அதனினும் பத்து இலட்சம் மடங்கு ஒளி மிக்க பெருமீன் வரை இவ்வுறவு பிறழாமல் நிற்கிறது. ஆகவே கீற்றின் அகலத்தை அளந்தால் உண்மை ஒளி தெரியும். அதனால் தொலைவும் தெரியும். ஒரு முகத்தின் சுருக்கத்தைக் கண்டு வயதைச் சொல்வது போன்றது என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். அவ்வளவு பொருத்தமான உவமை அன்று, ஆயினும் மாணவியர்க்கு விளங்கிற்று.

இத்தகைய ஆய்வு ஒன்றைக் கைக்கொண்டவர் அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பாப்பு 1953இல் தாயகம் திரும்பினார். திரும்பியவருக்கு உரிய பணி உடனே காத்திருக்கவில்லை. வானியலாரை அமர்த்தும் இடங்கள் அன்று இந்தியாவில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. மறு ஆண்டு, வாரணாசியில் புதிதாகத் தோன்றியிருந்த உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தின் பொறுப்பு அவருக்கு வந்தது. கங்கைச் சமவெளியின் புழுதி வானம் ஆய்வுக்கு உதவாது என்று உணர்ந்த அவர், ஆய்வகத்தை இமய மலைச்சாரலில் உள்ள நைனிதாலுக்கு மாற்றச் செய்தார். அவர் வாழ்வு முழுதும் தொடரப்போகும் ஒரு பழக்கம் இங்கே தொடங்குகிறது: முதலில் நல்ல வானத்தைத் தேடு, பிறகு கருவியை வை.

அகவை முப்பத்திரண்டு முப்பத்து மூன்றில், 1960இல், கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். ஞாயிற்றை நாள்தோறும் படம் பிடித்து வைப்பதில் அவ்வாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே உலகறிந்தது. ஞாயிற்றுக் கரும்புள்ளிகளில் வளியின் ஓட்டத்தை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். ஆனால் பாப்பு சென்ற காலத்தில் அது வானிலைத் துறையின் ஒரு கிளையாக இருந்தது. மழையும் காற்றும் அளப்போரின் நிருவாகத்தின்கீழ் விண்மீன் அளப்போர் இருந்தனர். ஞாயிற்றுக்குரிய கோபுரத் தொலைநோக்கியை அவர் செம்மையாக இயக்கினார்; விண்மீன்களில் தாம் கண்ட அதே கால்சியக் கீற்றை ஞாயிற்றின் முகத்திலும் தேடினார். பட்டறையைப் புதுக்கினார். இளைஞர்களைச் சேர்த்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1971 ஏப்ரலில் அவ்வாய்வகம் வானிலைத் துறையினின்று பிரிந்து இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. இப்பகுதியை விரித்தெழுதக் கோப்புகளைப் புரட்ட வேண்டும். கோப்புகளின் வரலாறு படிப்போர்க்கு அலுப்பூட்டும். அவருக்கும் அலுப்பூட்டியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

கொடைக்கானலுக்கு ஒரு குறை உண்டு. அதன் காலை வானம் ஞாயிற்றுக்கு உகந்தது. இரவு வானமோ மேகத்துக்கும் பனிமூட்டத்துக்கும் உரியது. விண்மீன் ஆய்வுக்கு வேறு இடம் வேண்டும். இங்கேதான் நம் பக்கத்து மலை கதைக்குள் வருகிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரம். நம் ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியது. பாப்பு தேர்ந்த காவலூரோ 725 மீட்டர்தான். உயர்ந்த மலை இருக்கத் தாழ்ந்த மலை எதற்கு என்று நம்மவர் கேட்கலாம். உயரம் ஒன்றே தகுதியன்று. ஆண்டில் எத்தனை இரவு மேகமின்றி இருக்கும், நகரத்தின் விளக்கொளி எட்டுமா, காற்று அமைதியாக அடுக்கடுக்காக நிற்குமா, சாலை உண்டா என்பனவெல்லாம் பார்க்கப்படும். ஏற்காட்டு மேகம் காப்பிச் செடிக்கு வரம். தொலைநோக்கிக்கு அது திரை. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை வடக்கே நிற்கும் காவலூரிலிருந்து வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட நெட்டாங்கில் பெருந்தொலைநோக்கிகள் அரியனவாக இருந்த காலம் அது. அந்த இடைவெளியில் ஒரு கண்ணைத் திறந்து வைப்பது உலகுக்கே பயன்படும்.

காட்டின் நடுவே சுமார் நூறு ஏக்கர் நிலம். தம் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968இல் காவலூரில் நோக்குதல் தொடங்கிற்று. கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து சைஸ் நிறுவனத்தில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்ற அரிய நிகழ்வு இந்தோனேசியாவிலிருந்தும் காவலூரிலிருந்தும் அளக்கப்பட்டது. அத்துணைக்கோளைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் உண்டென்னும் கருத்து அதனால் எழுந்தது. பின்னர்ச் சென்ற வாயேஜர் விண்கலம் அவ்வளி அவர்கள் எண்ணியதினும் மிக மிக மெல்லியது என்று காட்டிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுரேனசுக்கு வளையங்கள் உண்டென உலகம் 1977 மார்ச்சு 10ஆம் நாள் அறிந்த இரவிலும், ஒளி எதிர்பாராது மங்கிய தடம் காவலூர்க் கருவியில் பதிந்திருந்தது. வளையங்களை அறிவித்த பெருமை விமானத்தில் பறந்தபடி நோக்கிய அமெரிக்கக் குழுவினர்க்கு உரியது.

இனிச் சொல்லப்போவதே பாப்புவின் வாழ்வில் எனக்கு விடை தெரியாத பகுதி. ஒரு மீட்டர் தொலைநோக்கியை விலைக்கு வாங்கியவர், அடுத்த பெருந்தொலைநோக்கியை இங்கேயே செய்ய வேண்டும் என்று உறுதிகொண்டார். ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து வளைவு கொடுத்து மெருகேற்றும் பணி, பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியற் கூடத்தில் ஆ. பெ. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. இயந்திரப் பகுதியை வால்சந்த்நகர் தொழிற்சாலையினர் செய்தனர். தலைமயிரின் தடிமனை ஆயிரம் கூறாக்கினால் எவ்வளவோ அந்த அளவுப் பிழைகூடக் கூடாத வேலை அது. பொடியிட்டுத் தேய்ப்பர், அளப்பர், மீண்டும் தேய்ப்பர். சற்று மிகுதியாகத் தேய்ந்தால் தேய்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அம்மியில் அரைக்கும் பெண்டிரின் பொறுமையை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் எந்த அம்மியும் பல ஆண்டுகள் அரைபட்டதில்லை.

வாங்கியிருந்தால் அவர் வாழ்நாளிலேயே அது வானத்தை நோக்கியிருக்கும். பாலோமரில் பழகிய அந்தக் கண் ஒரு பெருந்தொலைநோக்கியின் முன் மீண்டும் அமர்ந்திருக்கும். இயக்குநர் நாற்காலியும் சாலையும் குவிமாடமும் ஆடியும் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில், 1957இன் ஆய்வுக்கு இணையான இன்னொன்று அவரிடமிருந்து வந்திருக்கலாமே என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. கோயில் கட்டியவன் பாட மறந்தான் என்று கூறத் தோன்றும். மறுபுறம், உதவியாளர்களின் வரிசையில் வந்த ஒருவர், பிறர் செய்து தந்த கருவியில் பார்ப்பதோடு நின்றுவிட்டால் அவ்வரிசை முடியாது என்று கருதியதில் பிழை என்ன? ஆயினும் அவர் நிறுவனம் அடுத்து அமைத்த பெருந்தொலைநோக்கி, லடாக்கின் ஹான்லேயில் 2000ஆம் ஆண்டு கண் திறந்த இரண்டு மீட்டர்த் தொலைநோக்கி, அமெரிக்காவில் செய்து வாங்கப்பட்டது. பாப்பு இருந்திருந்தால் ஏற்றிருப்பாரா என்பது என் உள்ளத்தில் எழும் வினா.

அறிஞர் உலகம் அவரைப் போற்றத் தவறவில்லை. பட்நாகர் பரிசு, 1981இல் பத்மபூஷண். இவற்றினும் மேலாக, பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1979இல் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். உருதுக் கவிதையில் அவர் தோய்ந்தவர் என்பதை நம் வட்டத்தார் மகிழ்வோடு கேட்பர். உமர் கய்யாமை நாம் கவிஞராக அறிவோம். பாரசீகம் அவரை வானியலாராகவும் அறியும். இவ்விரு கலைகளும் ஒருவரிடம் சேர்வது புதுமையன்று.

ஒன்றியத்தின் பேரவை 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டுப் பாத்ராஸ் நகரில் கூடியது. தலைவர் அங்கே இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நிலை மோசமாகி, ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் காலமானார். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து ஒன்பது நாளே ஆகியிருந்தது. பெங்களூரில் ஆடி இன்னும் முழுமை பெறவில்லை. அவர் கைப்பட வளர்த்தவர்கள் அதை முடித்தனர். 1985 நவம்பர் முதல் நாள் அத்தொலைநோக்கி தன் முதற்காட்சியைக் கண்டது. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இரண்டாண்டு கழித்து, காவலூரின் வேறொரு சிறிய தொலைநோக்கியில் இராஜமோகனும் குழுவினரும் புதிய குறுங்கோள் ஒன்றைக் கண்டனர். நம் கணித மேதை இராமானுஜன் பெயர் அதற்கு இடப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து குறுங்கோள் ஒன்று கண்டறியப்பட்டு நூறாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

அம்மாணவியையும் வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காவலூர் சென்றேன். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் பேருந்து, வழியெல்லாம் மேகம். பெருந்தொலைநோக்கியைப் பகலில் நின்று பார்த்தோம்; அது ஆய்வாளர்க்கு உரியது, எங்களுக்கு அதில் நோக்க இயலாது. இரவு சிறிய தொலைநோக்கி ஒன்றின் முன் வரிசையில் நின்றோம். ஒன்பது மணிக்கு மேல் மேகம் ஒரு கிழிசல் விட, அதில் சனிக்கோள் அகப்பட்டது. என் முறை வருவதற்குள் மூடிக்கொண்டது. அவள் பார்த்துவிட்டாள். பார்த்தவள் வளையத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்த ஊழியரிடம் நிறமாலைமானி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அதில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். இயற்பியலில் முதுகலை, பின்பு நுழைவுத் தேர்வு, பின்பு நிறுவன உதவித்தொகையோடு ஐந்தாறு ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு என்று அவர் பொறுமையாகச் சொன்னார். உதவித்தொகை என்ற சொல்லை அவள் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இப்போது அவள் முதுகலை முதலாண்டில் இருக்கிறாள். வீட்டில் இன்னமும் அதைச் சோதிடம் என்றே சொல்லிக்கொள்கிறார்களாம். ஊரார் ஒருவர் தம் மகளின் சாதகத்தையே கொண்டுவந்து விட்டாராம்.